சகுனங்களைப் பற்றித் தெருவே பேசட்டும்

சென்னையில் புதிதாக எழும் கட்டடங்களை அண்ணாந்து பார்த்தால், சாரத்துக்கு நடுவே ஒரு பூதம் நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கும். சில இடங்களில் வைக்கோல் அடைத்த பழைய சட்டை, தலைக்கு ஒரு மண்சட்டி. சில இடங்களில் மீசையும் கோரைப் பல்லும் வரைந்த பூசணிக்காய். கடைக்குள் நுழைந்தால் கல்லாவுக்குப் பின்னால் கழுதைப் படம், அதன் கீழே ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்ற வாசகம். ஆட்டோவின் முன்னால் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்த கயிறு. சிறுநீர் கழிப்பவர்களைத் தடுக்கச் சுற்றுச்சுவரில் வரிசையாகப் பதித்த சாமி ஓடுகள். ஒன்றில் பிள்ளையார், அடுத்ததில் வேளாங்கண்ணி மாதா, அதற்கடுத்து மெக்கா.

ஆயுத பூஜை முடிந்த காலையில் இந்த நம்பிக்கைகள் சாலையிலேயே சிதறிக் கிடக்கும். குங்குமம் கலந்த பூசணித் துண்டுகளில் சறுக்கி இரு சக்கர வாகன ஓட்டிகள் விழுகிறார்கள். சாலை நடுவே உடைக்காதீர்கள் என்று காவல் துறையும் மாநகராட்சியும் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கின்றன. ஆண்டுதோறும் உடைக்கப்படுகின்றன.

இவ்வளவும் கண்ணெதிரே இருந்தும், இவற்றைப் பற்றிய பேச்சு தெருவில் இல்லை. நம்பிக்கை குறித்து நம் ஊரில் இரண்டு இடங்களில்தான் பேசப்படுகிறது. ஒன்று, வழிபாட்டு மேடை. அங்கே கேள்விக்கு இடமில்லை. இன்னொன்று, தொலைக்காட்சி விவாதமும் கண்டனக் கூட்டமும். அங்கே நம்புகிறவர் ஏன் நம்புகிறார் என்று கேட்கும் பொறுமை இல்லை. நம்புகிறவர், நம்பாதவர், பாதி நம்புகிறவர் ஆகிய மூவரும் ஒரே இடத்தில் நின்று, ஒரே பொருளைப் பார்த்து யோசிப்பதற்கு மூன்றாவதாக ஓர் இடம் தேவை. உலகின் பல நகரங்களில் அந்த இடத்தைத் தெருவில் தற்காலிகமாக வைக்கப்படும் கலைப் படைப்புகள் உருவாக்கித் தருகின்றன. தமிழக நகரங்களும் அதற்கு வழிவிட வேண்டும்.

எரிப்பதற்கென்றே ஒரு கோயில்

வட அயர்லாந்தின் டெர்ரி நகரம் நம்பிக்கையால் பிளவுபட்டது. கத்தோலிக்கர்கள் டெர்ரி என்று அழைக்கும் ஊரைப் புராட்டஸ்டன்டுகளில் பலர் லண்டன்டெர்ரி என்பார்கள். 1972 ஜனவரி 30 அன்று சிவில் உரிமை ஊர்வலத்தின் மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் 13 பேர் அங்கேயே இறந்தார்கள். அந்த ‘ரத்த ஞாயிறு’ நடந்த ஊர் இது. இங்கே நெருப்புக்கும் கட்சி உண்டு. ஜூலை 11 இரவில் புராட்டஸ்டன்டுகள் பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள். ஆகஸ்ட் 15-ல் கத்தோலிக்கர்கள் கொளுத்துவார்கள். எதிர்த்தரப்பின் கொடியும் சின்னமும் அந்தத் தீயில் விழுவது வழக்கம்.

2015-ல் ‘ஆர்ட்டிசோக்’ என்ற கலை அமைப்பு, கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் பெஸ்ட் என்ற சிற்பியை அந்த ஊருக்கு அழைத்துவந்தது. நெவாடா பாலைவனத்தில் நடக்கும் ‘பர்னிங் மேன்’ விழாவில் மரத்தால் கோயில்கள் கட்டி எரிப்பதற்குப் பேர்போனவர் அவர். இரு சமூகங்களையும் சேர்ந்த உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து, சுமார் 70 அடி உயரத்தில், நுணுக்கமாக வெட்டிய மரப்பலகைகளால் ஒரு கோயிலை எழுப்பினார். அதில் எந்தச் சாமியும் இல்லை, பூசாரியும் பாதிரியாரும் இல்லை. வந்தவர்கள் இறந்துபோன தங்கள் உறவினர்களின் பெயர்களைச் சுவரில் எழுதினார்கள். புகைப்படங்களையும் கடிதங்களையும் விட்டுச் சென்றார்கள். ஒரே வாரத்தில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோனதாகக் கணக்கிடப்பட்டது. மார்ச் 21 இரவு, மக்கள் சூழ்ந்து நிற்க, கோயில் எரிக்கப்பட்டது.

எதிராளியின் சின்னத்தை எரித்துப் பழகிய ஊர், அன்று தன் துக்கத்தை எரித்தது. இரு தரப்பும் ஒரே தீயைச் சுற்றி நின்றன. பகை அதோடு ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. சொக்கப்பனைகள் இன்றும் தொடர்கின்றன. ஆனால், நெருப்பை வேறு விதமாகவும் கொளுத்தலாம் என்பதை அந்த ஊர் ஒரு முறை கண்ணால் பார்த்தது. துண்டறிக்கைகளும் அமைதிக் கூட்டங்களும் தர முடியாத அனுபவம் அது.

காலியாகக் கிடந்த பீடம்

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்காவது பீடம் 1841-ல் கட்டப்பட்டது. அதன் மேல் மன்னர் நான்காம் வில்லியம் குதிரையில் வீற்றிருப்பதாகத் திட்டம். பணம் போதவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் வெறும் பீடமாகவே நின்றது. 1999 முதல் அது தற்காலிகச் சிற்பங்களுக்கான மேடையாகியிருக்கிறது.

அதில் முதலில் ஏறியது மார்க் வாலிங்கர் என்ற கலைஞர் செய்த இயேசு. கைகள் பின்னால் கட்டப்பட்டு, முள்கம்பியாலான முடியோடு, சராசரி மனித உயரத்தில் பீடத்தின் விளிம்பில் அவர் நின்றார். சதுக்கத்தில் இருக்கும் தளபதிகளின் பிரம்மாண்டச் சிலைகளுக்கு நடுவே அவர் மிகச் சிறியவராகத் தெரிந்தார். பைபிள் கதையில் கூட்டத்தின் முன் நிறுத்தப்பட்ட மனிதரை, ஊர்வலங்களும் போராட்டங்களும் கூடும் சதுக்கத்தின் மக்கள் முன்னால் மறுபடி நிறுத்தினார் வாலிங்கர். பக்தர் அதைப் பக்தியோடு பார்க்கலாம். பக்தி இல்லாதவர், கைகட்டப்பட்ட ஒரு கைதியின் முன் கூட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று யோசிக்கலாம்.

2018-ல் அதே பீடத்தில் மைக்கேல் ராகோவிட்ஸ் ஒரு லமாசுவை நிறுத்தினார். மனிதத் தலையும் காளை உடலும் இறக்கைகளும் கொண்ட அசீரியக் காவல் தெய்வம் அது. இன்றைய இராக்கில் உள்ள நினிவே நகரின் நெர்கல் வாயிலில் ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் நின்றிருந்த லமாசுவை, 2015-ல் ஐஎஸ் பயங்கரவாதிகள் உடைத்தார்கள். அதைப் பேரீச்சம்பழப் பாகு அடைத்து விற்கப்பட்ட 10,500 தகர டப்பாக்களைக் கொண்டு ராகோவிட்ஸ் திரும்ப உருவாக்கினார். போரில் அழிந்த இராக்கின் பேரீச்சைத் தொழிலையும் அந்த டப்பாக்கள் நினைவூட்டின. ஊர் எல்லையில் முனீஸ்வரரையும் அய்யனாரையும் நிறுத்தி வைத்திருக்கும் தமிழர்களுக்கு, வாயிலில் நிற்கும் காவல் தெய்வத்தின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊரைக் காக்க நின்ற தெய்வத்தை ஊரோடு சேர்த்து இழந்தவர்களின் வலியை, வேறொரு நாட்டின் தலைநகரில் பேருந்துக்குக் காத்திருந்தவர்களும் பார்த்தார்கள்.

இந்த இரண்டு படைப்புகளும் நிரந்தரச் சிலைகளாக முன்மொழியப்பட்டிருந்தால் அனுமதி கிடைத்திருப்பது கடினம். நிரந்தரச் சிலை ஒரு தரப்பின் வெற்றியை அறிவிக்கிறது, அதனால் மறுதரப்பு அதை எதிர்க்கிறது. 2006-ல் ஸ்ரீரங்கத்தில் பெரியார் சிலை திறக்கப்படுவதற்கு முன்பே சேதப்படுத்தப்பட்டதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சில வாரங்களில் அகலப்போகும் படைப்பு யாருடைய இடத்தையும் பிடித்துக்கொள்வதில்லை. கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டுப் போய்விடும். அந்தக் குறுகிய ஆயுள்தான் அதற்குத் துணிச்சலைக் கொடுக்கிறது.

பந்தலில் நின்ற தாய்

நம்பிக்கையின் உள்ளே இருந்தபடியே கேள்வி கேட்க முடியும் என்பதற்குக் கொல்கத்தா பெரிய சான்று. துர்கா பூஜைக்காக அந்த நகரத்தின் தெருக்களில் மூங்கிலும் துணியும் களிமண்ணும் கொண்டு ஆயிரக்கணக்கான பந்தல்கள் எழுகின்றன. சில நாட்களில் சிலைகள் ஆற்றில் கரைகின்றன, பந்தல்கள் பிரிக்கப்படுகின்றன. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

2020-ல் பெஹாலா பகுதியின் பாரிஷா கிளப் வைத்த பந்தல் நாடு முழுவதும் பேசப்பட்டது. பொதுமுடக்கத்தில் பல லட்சம் தொழிலாளர்கள் ஊர் திரும்ப நெடுஞ்சாலைகளில் நடந்த ஆண்டு அது. ரிந்து தாஸ் கருத்துருவாக்க, பல்லப் பௌமிக் வடித்த சிற்பத்தில், துர்கையின் இடத்தில் ஒரு புலம்பெயர் தொழிலாளிப் பெண் நின்றாள். இடுப்பில் சட்டையில்லாத குழந்தை, கூடவே மற்ற பிள்ளைகள். தேவியின் பிள்ளைகளான கார்த்திகேயனும் லட்சுமியும் சரஸ்வதியும் கணேசனும் அவர்களே. கும்பிட வந்தவர்கள் அந்தத் தாயின் முன்னால் நின்றார்கள். தெய்வம் எந்த உருவில் வரும், வந்தால் நாம் அடையாளம் காண்போமா என்ற கேள்வியை எந்தப் பிரசங்கமும் இவ்வளவு நேராகக் கேட்டிருக்காது.

அதே பூஜையில் இன்னொரு வழக்கமும் உண்டு. துர்கை சிலைக்கான மண்ணில் பாலியல் தொழிலாளர்களின் வாசல் மண் ஒரு பிடியாவது சேர வேண்டும் என்பது ஐதீகம். மண்ணை வாங்கிக்கொண்டவர்கள் அந்தப் பெண்களைப் பந்தலுக்குள் எளிதில் சேர்க்கவில்லை. 2013-ல் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் சோனாகாச்சி பெண்கள் தங்கள் பகுதியில் தாங்களே பூஜை நடத்தினார்கள். ஒரு நம்பிக்கை யாரைப் புனிதம் என்று சொல்லி யாரை வெளியே நிறுத்துகிறது என்பதைத் தெருவில் போட்ட ஒரு பந்தல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

கையில் ஒரு சாக்பீஸ்

பார்த்துவிட்டு நகர்வதோடு நில்லாமல், மக்களே பங்கெடுக்கும் படைப்புகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2011-ல் கேண்டி சாங் என்ற கலைஞர், பாழடைந்த ஒரு வீட்டின் சுவரைக் கரும்பலகையாக மாற்றினார். சாவதற்கு முன் தான் செய்ய விரும்புவதை யார் வேண்டுமானாலும் சாக்பீஸால் எழுதலாம் என்று கோடிட்ட இடங்களை விட்டுவைத்தார். தனக்கு நெருக்கமான ஒருவரின் மரணம்தான் அவரை இதைச் செய்ய வைத்தது. மறுநாளே சுவர் நிரம்பியது. இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதே போன்ற சுவர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சாவைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்று நினைக்கும் சமூகங்களும் இதில் அடக்கம்.

அமெரிக்காவின் சான்டா ஃபே நகரில் இப்படி மக்கள் பங்கெடுப்பது நூறாண்டு வழக்கம். வில் ஷஸ்டர் என்ற ஓவியர் 1924-ல் தொடங்கிவைத்த ‘சோசோப்ரா’ என்ற துக்க பொம்மை இப்போது 50 அடி உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் அதை எரிப்பதற்கு முன், மக்கள் தங்களை வாட்டும் விஷயங்களைத் தாளில் எழுதியும், விவாகரத்துப் பத்திரங்களைக் கொண்டுவந்தும் அதற்குள் போடுகிறார்கள். துக்கம் நெருப்பில் போய்விடும் என்று அங்கே யாரும் சத்தியம் செய்வதில்லை. ஆனாலும் கூட்டம் கூடுகிறது. அறிவால் நம்பாததை மனத்தால் செய்து பார்க்கும் தேவை மனிதர்களுக்கு இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கிவிட முடியாது.

நம் தெருவில் ஏற்கெனவே இருப்பது

தமிழர்களுக்குத் தற்காலிகக் கலை புதிதல்ல. வாசலில் காலையில் போட்ட கோலம் மாலைக்குள் கால்களிலும் சக்கரங்களிலும் கரைந்துவிடும். புரவியெடுப்பில் தோளில் சுமந்து சென்று வைக்கும் மண்குதிரைகள் மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து, அடுத்த எடுப்பில் புதிதாகப் பிறக்கும். மதுரை விளாச்சேரியிலும் சென்னை கொசப்பேட்டையிலும் களிமண்ணில் உருவம் பிடிக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. சினிமா கட்-அவுட்டுகளைக் கையால் வரைந்த ஓவியர்களின் பிழைப்பை ஃப்ளெக்ஸ் பறித்துக்கொண்டது. அந்தக் கைகள் வேலைக்குக் காத்திருக்கின்றன.

நம்பிக்கையைத் தெருவில் வைத்துக் கேள்வி கேட்கும் மரபும் இங்கே பழையது. 1953 மே 27 அன்று திருச்சி நகர மண்டப மைதானத்தில் பெரியார் களிமண் பிள்ளையாரை உடைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கோயிலில் வைத்து வழிபடப்படாத பொருளாக இருந்தாலும், ஒரு பிரிவினர் அதைப் புனிதமாகக் கருதினால் சட்டம் அதைக் காக்கும் என்று 1958-ல் நீதிமன்றம் விளக்கியது. சம்பவம் பழையதாகிவிட்டதால் மேல்நடவடிக்கை வேண்டாம் என்றும் சொன்னது. இன்னொரு பாதையில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘மந்திரமா, தந்திரமா’ நிகழ்ச்சிகளை ஊர் ஊராக நடத்தியது. 2019 டிசம்பர் 26-ல் வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது, கதவடைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு மாறாகப் பல ஊர்களில் மக்கள் பாதுகாப்புக் கண்ணாடியோடு மைதானங்களில் கூடினார்கள்.

உடைப்பதற்கும் விளக்குவதற்கும் இங்கே மரபு உண்டு. நம்புகிறவரைத் தன் நம்பிக்கையோடு தனியே பேசவிடும் கலைக்குத்தான் இடம் குறைவாக இருக்கிறது.

இரு பக்க எதிர்ப்பு

பகுத்தறிவாளர்கள் கேட்கக்கூடும்: மூடநம்பிக்கை உயிரைப் பறிக்கிறது, அதைக் கலையாக்கி அழகு பார்ப்பதா? கேள்வி நியாயமானது. மூடநம்பிக்கைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் உழைத்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கோரிவந்த சட்டத்தை மகாராஷ்டிரம் அவர் இறந்த பிறகே அந்த ஆண்டு இறுதியில் நிறைவேற்றியது. கர்நாடகம் 2017-ல் தன் சட்டத்தை நிறைவேற்றியது. பகுத்தறிவு இயக்கத்தின் மண்ணான தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் தேவை என்ற கோரிக்கை வலுவானது. ஏமாற்றும் சாமியாரையும் நரபலியையும் சட்டம்தான் தடுக்க வேண்டும், கலை அந்த வேலையைச் செய்யாது.

ஆனால், சட்டத்தின் கை எட்டாத கொடுமைகள் உண்டு. வெளியே கிளம்பும்போது கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மகளின் திருமணத்தில் மணமேடையை விட்டுத் தள்ளி நிற்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். இதற்கு எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க முடியாது. தி.நகர் நடைபாதையில், ஆள் உயரத்தில், எதிரே நடந்து வருவதாக அந்தப் பெண்களின் உருவங்களை ஒரு மாதம் நிறுத்திவைத்தால், கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் அவர்களுக்கு எதிரேதான் நடந்தாக வேண்டும். எதிரே வரும் ஒரு மனுஷி எப்படி அபசகுனம் ஆனாள் என்ற கேள்வியை அந்த நடைபாதை கேட்கும். மாதவிலக்கு நாட்களில் ஒதுக்கி உட்கார வைக்கப்படும் பெண்களைப் பற்றியும் இப்படிக் கேட்க முடியும்.

பக்தர்களின் அச்சம் வேறு. கலை என்ற பெயரில் தங்கள் சாமி கேலிக்கு ஆளாகும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அதற்கான விடை டெர்ரியிலும் கொல்கத்தாவிலும் இருக்கிறது. அங்கே எவருடைய தெய்வமும் இழிவுபடுத்தப்படவில்லை, நம்புகிறவர்கள் படைப்பைச் செய்யும் வேலையிலேயே பங்கெடுத்தார்கள். அந்தந்தத் தெருக்காரர்களை முதல் நாளிலிருந்தே கலைஞர் கலந்து பேசினால் பாதி அச்சம் தீரும்.

மூன்றாவது தடை அரசு. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து பெசன்ட் நகரில் கோலம் போட்டவர்களைக் காவல் துறை பிடித்துச் சென்று பிறகு விடுவித்தது. அரிசி மாவுக்கே அனுமதிச் சீட்டு கேட்கும் சூழலில் எந்தக் கலைஞரும் தெருவுக்கு வரத் தயங்குவார். இந்திய அரசமைப்பின் 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது. கேள்வி கேட்பது கடமை என்றால், கேட்பதற்கு இடம் தருவது அரசின் பொறுப்பு.

செய்ய வேண்டியவை

சென்னை மாநகராட்சியால் இது முடியும். கண்ணகி நகரில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையோடு சேர்ந்து குடியிருப்புச் சுவர்களைப் பெரும் ஓவியங்களாக மாற்றிய அனுபவம் அதற்கு இருக்கிறது. சென்னை போட்டோ பியனாலே 2016 முதல் பொது இடங்களிலும் படங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. சுவரும் கலைஞரும் பார்வையாளரும் இருக்கிறார்கள். இல்லாதது ஓர் ஒழுங்கான அனுமதி முறை மட்டுமே.

அந்த முறை எளிமையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு சுவர், ஒரு நடைபாதை, ஒரு பூங்கா மூலை என மூன்று இடங்களை ஒதுக்கலாம். ஒரு படைப்புக்கு 30 நாள். தேர்வுக் குழுவில் ஓவியர், கூத்துக் கலைஞர், குயவர், அறிவியல் இயக்கத்தவர், வழிபாட்டுத் தலங்களைச் சேர்ந்தவர், அந்தத் தெருவில் குடியிருக்கும் பெண்கள் ஆகியோர் இடம்பெற வேண்டும். கட்சிச் சின்னமும் நிறுவன விளம்பரமும் கூடாது. மறுக்கும் பட்சத்தில் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கலைஞருக்கும் உதவியாளருக்கும் கூலி கொடுக்க வேண்டும்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் விழுந்து ஓர் இளம் பொறியாளர் உயிரிழந்ததை இந்த நகரம் மறக்கக் கூடாது. நடப்பவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் வழி விட்டே எதையும் வைக்க வேண்டும். களிமண், மூங்கில், துணி, அரிசி மாவு போன்ற மட்கும் பொருட்களுக்கு முன்னுரிமை தரலாம். அகற்றும் செலவும் பொறுப்பும் தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும்.

ஆகஸ்ட் 22-ல் வரும் சென்னை தினத்தையொட்டி இதைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். நகரத்தின் பழைய கட்டடங்களைச் சுற்றிக்காட்டும் அந்த நாட்களில், நகரத்தின் பழைய அச்சங்களையும் சுற்றிக்காட்டலாம். சென்னையில் தொடங்கினால் மதுரை, கோவை, திருச்சி மாநகராட்சிகளும் பின்தொடரும். மேயரும் மன்ற உறுப்பினர்களும் அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கி, அனுமதி விதிகளையும் தமிழில் வெளியிட வேண்டும். அதுவரை காத்திராமல், குடியிருப்போர் நலச் சங்கங்கள் தங்கள் தெருவின் ஒரு சுவரை இப்போதே உள்ளூர் ஓவியர் ஒருவரிடம் ஒரு மாதத்துக்கு ஒப்படைக்கலாம்.